கேதம் கேட்பதற்கு முன்னால்

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கேதம் கேட்கப் போகாமல் இருப்பது பெரிய குற்றம். பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகூட அன்றைக்குப் படியேறி வந்து, வளவில் தூணோரமாகச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார். வார்த்தை அதிகம் வேண்டியதில்லை. வந்தார், உட்கார்ந்தார் என்பதே போதும். வெளியூரில் இருப்பவர்கள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, அது ஆறு மாதம் கழித்தானாலும், முதலில் அந்த வீட்டில் கேதம் கேட்டுவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பார்கள். துயரப்படுகிறவர்களைத் தனியே விடக்கூடாது என்பதை இவ்வளவு தெளிவாக அறிந்து வைத்திருக்கும் ஊரில்தான், 11 ஆண்டுகளுக்கு முன் என் அம்மான் மகன் தற்கொலையால் இறந்தான். அன்றைக்கு அந்த வீட்டின் முகப்பு தொடங்கி இரண்டாங்கட்டு வரையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட, அதற்கு முந்தைய ஆறு மாதங்களில், உனக்கு என்ன செய்கிறது என்று அவனிடம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

நான் காரைக்குடியில் 26 ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்தி வருகிறேன். அவன் என் கடைக்கு அந்த ஆறு மாதத்தில் பலமுறை வந்தான். முதலில் நெஞ்செரிச்சல் என்றான், மாத்திரை கொடுத்தேன். பிறகு, "தூக்கமே வரலண்ணே" என்றான். சாயங்காலம் கொஞ்சம் நடந்து வா, காபியைக் குறைத்துக்கொள் என்றேன். கடைசியாக வந்தபோது செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கண்ணாடி மேசையின் மேல் வைத்தான். பிரித்துப் பார்த்தால், அவனுடைய ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த அரக்குப் பெட்டி. உள்ளங்கையில் அடங்கும் அளவு. வெளியே மங்கிய சிவப்பு, உள்ளே கறுப்பு, மூடியின் விளிம்பில் மட்டும் ஓர் இடத்தில் அரக்கு பெயர்ந்து மூங்கில் பின்னல் தெரியும். சின்ன வயதில் நாங்கள் இருவரும் அதற்காகச் சண்டை போட்டிருக்கிறோம். "நீங்களே வச்சுக்கங்கண்ணே, உங்களுக்குத்தான் ரொம்பப் பிடிக்கும்" என்றான். நான் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டேன். பல மாதமாக வாடியிருந்த முகம் அன்றைக்குத் தெளிந்திருந்ததைப் பார்த்து, பையன் தேறிவிட்டான் என்று வீட்டில் போய்ச் சொல்லவும் செய்தேன்.

தனக்கு அருமையான பொருள்களை ஒருவர் பிறருக்குக் கொடுத்துவிடுவதும், நீண்ட நாள் சோர்வுக்குப் பிறகு காரணமின்றித் திடீரென அமைதியாகிவிடுவதும் ஆபத்தின் அறிகுறிகளாக இருக்கலாம் என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, பிடித்த வேலைகளில் நாட்டம் போவது, "நான் எல்லாருக்கும் பாரமாக இருக்கிறேன்", "நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்பதுபோன்ற பேச்சு, பாக்கிகளை அவசரமாகத் தீர்ப்பது, விடைபெறுவதுபோலப் பேசுவது ஆகியவையும் அப்படித்தான். இவற்றில் ஏதோ ஒன்றைக் கண்டதும் பதற வேண்டும் என்று சொல்லவில்லை. கண்டால் கேட்க வேண்டும் என்கிறேன். முன்பே ஒருமுறை முயன்றவராக இருந்தால் கேட்பதைத் தள்ளிப்போடவே கூடாது. பின்னாளில் வரும் ஆபத்தை முன்கூட்டிக் காட்டும் அடையாளங்களில் மிக வலுவானது அதுதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அவன் எப்படி இறந்தான் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அந்த விவரங்களை விரிவாகச் சொல்வது, அதே எண்ணத்தோடு போராடிக்கொண்டிருக்கும் இன்னொருவரைத் தூண்டக்கூடும் என்பது உலகெங்கும் ஆராய்ந்து அறியப்பட்ட உண்மை. காரணம் என்ன என்று கேட்பவர்களுக்கும் என்னிடம் ஒற்றை வரி விடை கிடையாது. வியாபாரத்தில் நட்டம் இருந்தது, உண்மைதான். நட்டப்பட்டவர்கள் எல்லாரும் இறந்துவிடுவதில்லை. அதற்கு அடியில் மாதக்கணக்கில் கவனிக்கப்படாத மனச்சோர்வு நோய் இருந்தது என்றே இன்று நினைக்கிறேன்.

அவன் இறந்தபோது வீட்டார் வெளியே சொன்ன காரணம் வயிற்றுவலி. தமிழ்ச் செய்தித்தாள் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் பழக்கமானது: "தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்த" என்று தொடங்கும் சிறு செய்திகள். அவற்றில் எத்தனை மெய்யான வயிற்றுவலியோ, எத்தனை சொல்ல முடியாத மனவலியோ, யாரறிவார்! அப்படிச் சொன்ன குடும்பங்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஒருபுறம் வழக்கு வரும் என்ற பயம். மறுபுறம், அந்த வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் யோசிப்பார்களே என்ற பயம். இன்னொரு மகளுக்குத் திருமணம் ஆக வேண்டியிருக்கும்போது, ஒரு தகப்பனார் வேறு எதைத்தான் சொல்வார்?

வழக்கைப் பற்றிய பயம் இன்று பெரும்பாலும் தேவையற்றது என்பதைப் பலரும் அறியாமல் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் 309ஆம் பிரிவு பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று மாற்றியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பிரிவே இடம்பெறவில்லை. பொது ஊழியர் ஒருவரைத் தம் கடமையைச் செய்யவிடாமல் கட்டாயப்படுத்தும் நோக்கில் முயல்வது மட்டுமே குற்றமாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஒருவர் முயன்று உயிர்பிழைத்திருக்கும்போது, போலீசுக்குத் தகவல் போய்விடுமே என்று அஞ்சி மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்குவதும், மருத்துவரிடம் உண்மையை மறைப்பதும் அவருடைய உயிரோடு விளையாடுவதாகும்.

எங்கள் வீட்டில் மட்டும் நடந்த ஒன்று என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 19,834 பேர்; மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடி எண்ணிக்கையில் நம் மாநிலமே இருந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 54 பேர். நாட்டளவில் இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள் என்பதைப் படித்தபோது என் கடைக்கு வருகிற ஆண்களின் முகங்கள்தான் கண்ணில் வந்தன. பெண்கள் எதையாவது சொல்லத் தொடங்குவார்கள். ஆண்கள் "கேஸ் டிரபிள்" என்பார்கள்.

மருந்துக்கடைக்காரன் என்ற முறையில் சிலவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் மிகுதியான தவறுகள் நடப்பதைப் பார்க்கிறேன். மனநல மருத்துவர் எழுதிய சீட்டோடு வருபவர்களில் பலர் உள்ளூர்க்காரர்கள் அல்லர். தேவகோட்டையிலும் புதுவயலிலும் இருந்து இங்கே வருவார்கள். காரைக்குடிக்காரர்கள் மதுரைக்கும் திருச்சிக்கும் போவார்கள். கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சீட்டை நான்காக மடித்து நீட்டுவார்கள். கறுப்புப் பையில் போட்டுத் தரச் சொல்வார்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்குகிறவர் யாரும் இப்படி ஒளிவதில்லை. வாங்கிக்கொண்டு போனவர்களில் ஒரு பகுதியினர் அடுத்த மாதம் வருவதில்லை. எங்கேயாவது பார்த்து விசாரித்தால், "பத்து நாள் சாப்பிட்டேன், ஒண்ணும் தெரியல, விட்டுட்டேன்" என்பார்கள். மனச்சோர்வுக்கான மருந்துகள் தலைவலி மாத்திரையைப்போல அரை மணியில் வேலை செய்பவை அல்ல. பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரமாகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்; குமட்டல், வாய் உலர்தல் போன்ற தொந்தரவுகள் மட்டும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். இதை யாரும் விளக்கிச் சொல்லாததால், நோயாளி தனக்கு மருந்தும் கைகொடுக்கவில்லை என்று இன்னும் நம்பிக்கை இழக்கிறார். எல்லாமே தூக்க மாத்திரை, பழகிவிட்டால் விட முடியாது என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துவதும் தவறு. மனச்சோர்வு மருந்துகளில் பெரும்பாலானவை அத்தகைய போதைப் பழக்கத்தை உண்டாக்குவன அல்ல. ஆனாலும் நாமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

இன்னொன்று, ஆபத்தான கட்டத்தில் இருப்பவருடைய வீட்டில் ஒரு மாதத்து மருந்தையும் அவர் கையிலேயே கொடுத்து வைக்கக் கூடாது. வாரத்துக்கு வாரம் வாங்கலாம். வீட்டில் ஒருவர் பொறுப்பில் வைத்து வேளைக்கு வேளை கொடுக்கலாம். வயல்காடு உள்ள வீடுகளில் பூச்சிமருந்தைப் பூட்டி வைப்பதும், கூடுமானால் வீட்டைவிட்டே அகற்றுவதும் அவசியம். இது என்ன பெரிய தடுப்பு, மனத்தில் நினைத்தவர் வேறு வழி தேட மாட்டாரா என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலோர் தேடுவதில்லை என்பதே அனுபவம் காட்டும் உண்மை. சாக வேண்டும் என்ற வேகம் அலைபோல எழுந்து அடங்குவது. அந்தச் சில நிமிடமோ சில மணி நேரமோ கைக்கு எதுவும் எட்டாமல் போனால் உயிர் மிஞ்சிவிடுகிறது. கடல் தாண்டினால் இருக்கிற இலங்கையில், கொடிய நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு, 1995ஐ அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது.

பெரிய வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியூர்க்காரர்கள் வந்து படம் பிடித்துப் போகும் அந்த வீடுகள் பலவற்றில், தெருவுக்குத் தெரு நீளும் கட்டுகளுக்குள் ஒரே ஓர் ஆச்சியோ ஓர் ஐயாவோ மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் அன்பில்லாதவர்கள் அல்லர். வாரந்தோறும் வீடியோவில் பேசுகிறார்கள், கேமராவுக்கு முன்னால் ஆச்சியும் "நல்லாருக்கேன்" என்கிறார். அப்படி ஒரு வீட்டுக்கு மருந்து கொண்டுபோகும் எங்கள் கடைப் பையன்தான், "அண்ணே, அந்த ஆச்சி ரெண்டு வாரமா கோலமே போடல, போன மாசத்து மாத்திரையும் பிரிக்காம அப்படியே இருக்கு" என்று வந்து சொன்னான். மகளுக்குப் போன் செய்தோம். அவர் சென்னையிலிருந்து மறுநாளே வந்து மருத்துவரிடம் கூட்டிப் போனார். வயதானால் அப்படித்தான் என்று நாம் ஒதுக்கிவிடுகிற சோர்வில் சிகிச்சைக்குக் கட்டுப்படக்கூடிய நோயும் கலந்திருக்கலாம் என்பதை அந்தப் பையன் எனக்குக் கற்பித்தான்.

கேட்கக் கற்றுக்கொண்டது எப்படி என்று சொல்கிறேன். மருந்து வணிகர்களின் கூட்டம் ஒன்றில் பேச வந்திருந்த மனநல மருத்துவர் ஒருவரிடம், "கேட்கப்போய் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகி விடாதா?" என்றேன். இல்லை என்றார். அந்த எண்ணம் இல்லாதவருக்குக் கேள்வியால் வந்துவிடுவதில்லை. இருப்பவருக்கோ, யாரிடமும் சொல்ல முடியாமல் சுமந்ததை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கிறது. சுற்றி வளைக்காமல், அந்த எண்ணத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள் என்றார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, கடை அடைக்கும் நேரத்தில், எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையன் வந்து நின்றான். வெளிநாட்டு வேலைக்கென்று ஏஜெண்டிடம் கொடுத்த பணம் போய், வட்டி ஏறிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். எதையும் வாங்கவில்லை. எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் கையை வைத்தபடி அதன் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னப்பா வேணும்?" என்றதற்கு, "ஒண்ணுமில்லண்ணே, சும்மாதான். நீங்க நல்லா இருங்க" என்றான். அந்த "நல்லா இருங்க" எனக்குள் எதையோ உலுக்கியது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். என் நாக்கு ஒட்டிக்கொண்டது, இருந்தும் கேட்டுவிட்டேன்: "தம்பி, செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு தலையை மட்டும் அசைத்தான். அதற்குப் பின் ஒன்றரை மணி நேரம் பேசினான்; நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பெற்றவர்களை நினைத்துப் பார், உன்னைவிடக் கஷ்டப்படுகிறவன் எத்தனை பேர், ஆம்பிளை இப்படி அழலாமா என்று நாவின் நுனிவரை வந்த வாக்கியங்களையெல்லாம் விழுங்கினேன். பெற்றவர்களை அவன் நினைக்காமல் இல்லை. அவர்களுக்கு அவமானம் வந்துவிட்டதே என்று நினைத்துத்தான் அங்கே வந்து நின்றிருந்தான். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே" என்று கேட்டபோது, மற்ற எதையும் சொல்ல மாட்டேன், ஆனால் உன் உயிர் சம்பந்தப்பட்டதை உன் அண்ணனிடம் சொல்லித்தான் தீருவேன், உன் எதிரிலேயே சொல்கிறேன் என்றேன். அண்ணன் வந்தார். அன்று இரவு அவர் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். வீட்டில் அகற்ற வேண்டியவற்றை அகற்றினோம்.

மறுநாள் காலை மூவருமாகச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். ஓ.பி. சீட்டு வாங்கி மனநலப் பிரிவின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவன் கேட்டான்: "இங்க வந்தா பைத்தியம்னு சொல்வாங்களாண்ணே?" எதிர்வரிசையில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணும், வேட்டி கட்டிய ஒரு பெரியவரும், கைக்குழந்தையோடு ஒரு தாயும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்த பிறகு அவன் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அத்தனை தூரம் போக முடியாதவர்களுக்காக, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாள்களில் வருவதுண்டு. எந்த நாள் என்பதை அரசு மருத்துவமனையிலேயே விசாரித்துக்கொள்ளலாம். குன்றக்குடிக்கும் குணசீலத்துக்கும் வேண்டிக்கொண்டு போகிறவர்களை நான் தடுப்பதில்லை, நானும் போகிறவன்தான். மருந்தையும் கூட எடுத்துக்கொண்டு போங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

சிகிச்சை தொடங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டதாக நினைத்து விலகிவிட்டிருந்தால் பிழை செய்திருப்பேன். மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் வாரங்களும் மாதங்களும் மிகவும் கவனம் தேவைப்படும் காலம். வட்டிக்காரர்களிடம் அண்ணனும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் பேசித் தவணை வாங்கினார்கள், ஏனெனில் மாத்திரை கடனை அடைக்காது. நான் செய்தது சிறிது: சாயங்காலம் கடைக்கு வரச் சொல்லி, சரக்கு அடுக்க அவன் கையைச் சேர்த்துக்கொண்டேன். சில நாள் பேசுவான், சில நாள் பேசாமலே அட்டைப்பெட்டிகளைப் பிரித்துவிட்டுப் போவான். இடையில் ஒருமுறை மருந்தை நிறுத்திவிட்டு மீண்டும் சரிந்தான். மீண்டும் சிவகங்கைக்குப் போனோம். இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறான்.

நடு இரவில், பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில் இதைப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு: 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்னும் அரசின் மனநல ஆலோசனைச் சேவை 2022 அக்டோபர் முதல் இயங்கி வருகிறது. கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். தேர்வு முடிவுகள் வரும் நாள்களில் மாணவர்களுக்கென்றே அங்கே ஆலோசகர்கள் பேசுகிறார்கள். 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சினேகா என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பின் தொண்டர்களை 044-24640050 என்ற எண்ணில் அழைக்கலாம். உங்களுக்காக மட்டுமல்லாமல், நீங்கள் கவலைப்படும் ஒருவருக்காகவும் இந்த எண்களில் பேசலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108.

என் அம்மான் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த முதல் பதினாறு நாள்களுக்குப் பிறகு அங்கே ஆள் வரத்து குறைந்துபோனது. வருகிறவர்களும் அவன் பெயரைச் சொல்வதில்லை. அவன் படம் மாட்டிய பக்கம் பார்ப்பதில்லை. மற்ற சாவுகளில் இறந்தவரின் நல்லதையெல்லாம் நாள்கணக்கில் பேசித் தீர்க்கிற நாம், இந்தச் சாவில் மட்டும் இறந்தவரையே இல்லாமலாக்கிவிடுகிறோம். தற்கொலையால் ஒருவரை இழந்த குடும்பத்தினருக்கே மனநோயும் அதே எண்ணமும் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்று அறிந்த பிறகு, அவன் தாயாரைச் செவ்வாய்தோறும் போய்ப் பார்த்து வருகிறேன். எப்படி நடந்தது, முன்பே தெரியாதா என்று கேட்பதில்லை. அவன் பெயரைச் சொல்லிப் பேசுவேன். பள்ளியில் செய்தது, கிரிக்கெட் ஆடிக் கையை முறித்துக்கொண்டது.

சென்ற மாதம் அந்த அரக்குப் பெட்டியை எடுத்துப்போய், அவன் அதை என்னிடம் தந்த நாளைப் பற்றி முதல்முறையாக அவரிடம் சொன்னேன். நான் ஒன்றும் புரியாமல் வாங்கி வைத்துக்கொண்டதையும், பையன் தேறிவிட்டான் என்று சொன்னதையும் சொன்னேன். அவர் மூடியைத் திறந்து, உள்ளே விரலால் தடவிப் பார்த்தார். இதில்தான் கோலிக்குண்டு போட்டு வைத்திருப்பான் என்றார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பெட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "நீ ராத்திரி தூங்குறியாப்பா?"

தூங்குகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். இல்லை என்றேன். பட்டாலையில் பாயைத் தட்டிப் போட்டு, உட்கார் என்றார்.